கதிர் தெளிவாக விழுந்த படம்

பஞ்சநதம் தன் ஒரே பெண் வானதிக்கு வந்த முதல் வரனுக்குச் சரி சொல்ல முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். அதிலும் கால் மணி காபி ஆறுவதற்குப் போய்விட்டது. எந்த ஊர், யார் வகையறா, எத்தனை வேலி நிலம் என்று மூன்று கேள்விகள் கேட்டார். பதில் திருப்தியாக இருந்தது. பையன் குடிப்பானா, கோபக்காரனா, வாயைத் திறந்தால் என்ன பேசுவான் என்பதெல்லாம் அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதே பஞ்சநதம், பெண்ணைப் படம் எடுப்பதற்கென்று ஒரு கேமரா வாங்க நாற்பத்திரண்டு கேள்விகளை டைரியில் எழுதி வைத்துக்கொண்டு பத்து மாதம் அலைந்தார். பத்து மாதத்தில் பிள்ளையே பிறந்துவிடும் என்று அவர் மனைவி பிரகதாம்பாள் சொன்னாள். அதை அவர் டைரியில் குறித்துக்கொள்ளவில்லை.

கேமரா எதற்கு என்றால், அந்த முதல் வரன் தட்டிப்போனதே படத்தால்தான். கடைத்தெரு ஸ்டுடியோக்காரர் ஒருவர் வானதியை உட்கார வைத்து எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, பொங்கலுக்குச் சுவருக்கு அடிப்பது போல வெள்ளையடித்துக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் நேரில் வந்தார்கள். வானதி கையாலேயே காபி வாங்கிக் குடித்தார்கள். குடித்துவிட்டு, பெண்ணை எப்போது வரச் சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். அடுத்த வரனுக்குப் பிரகதாம்பாள் தன் போனிலேயே எடுத்து அனுப்பினாள். போனை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நீட்டி எடுத்ததில், மூக்கு முன்னால் வந்துவிட்டது, மற்றதெல்லாம் பின்னால் போய்விட்டது. அந்த வீட்டிலிருந்து பதிலே இல்லை.

இனி யாரையும் நம்புவதில்லை என்று பஞ்சநதம் முடிவு செய்தார். சொந்தக் கேமரா, சொந்த வயல், சொந்தக் கை. தை மாதம் சம்பா பழுத்துத் தலை சாய்ந்து நிற்கும்போது, முன்னால் கதிர், நடுவில் பெண், பின்னால் வானம் என்று ஒரே ஒரு படம் எடுப்பது. அதைப் பார்த்துவிட்டு எந்த வீட்டில் வேண்டாம் என்று சொல்கிறார்கள் என்று பார்த்துவிடுவது. பாபநாசத்துக்கு மேற்கே இரண்டு மைலில் இருக்கும் தன் ஒன்றரை வேலியின் அழகில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. பெண்ணின் அழகைப் பற்றி அவர் தனியாக ஒன்றும் சொல்லவில்லை.

வானதிக்கு வயது இருபத்தாறு. விவசாயப் பட்டப்படிப்பு முடித்தவள். வேளாண்மை அலுவலர் வேலைக்கு ஒருமுறை தேர்வு எழுதி மூன்று மார்க்கில் நழுவவிட்டு, மறுபடியும் படித்துக்கொண்டிருந்தாள். ஆவணியில் தேர்வு, மாசியில் முடிவு. அதற்குள் கல்யாணம் வந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது. ஆர்டர் கையில் இருந்தால் பேச்சே வேறு. இல்லாமல் கழுத்தை நீட்டினால், வேலையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அவளோடு படித்து முதல் வகுப்பில் தேறிய செம்மொழி அப்படித்தான் போனாள். இப்போது ஒன்பது பேருக்கு இட்லி ஊற்றுகிறாள். அவளுடைய ஹால் டிக்கெட் பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

வேலை கிடைக்கட்டும், பிறகு கல்யாணம் என்றாள் வானதி. கல்யாணம் ஆகட்டும், பிறகு வேலை என்றாள் பிரகதாம்பாள். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்கிற கதையாக அது ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சநதம் இதில் தலையிடவில்லை. அவருக்குக் கேமரா வேலை இருந்தது.

தஞ்சாவூரில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சித்தீக் என்பவர் கேமராக் கடை வைத்திருந்தார். நாற்பது வயது, நல்ல பொறுமைசாலி. அந்தப் பொறுமை எவ்வளவு தாங்கும் என்று பங்குனி மாதம் வரை அவருக்கே தெரியாது. பங்குனியில்தான் பஞ்சநதம் டைரியோடு கடைக்குள் நுழைந்தார். இங்கிலீஷில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல வானதியையும் அழைத்துக்கொண்டு போனார்.

அவருக்கு வேண்டியது எளிமையானது. ஆட்டோஃபோகஸ் இருக்க வேண்டும், ஏனென்றால் வலது கண்ணில் புரை. மேனுவலும் நன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் பஞ்சநதம் பஞ்சநதம். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஆள் மடையை அடைத்துவிட்டுப் போன பிறகு, தானும் போய் ஒருமுறை திறந்து அடைத்துவிட்டு வருகிற மனிதர் அவர். அணைத்த காஸை அணைப்பார். ஷட்டர் வேகத்துக்கு ஒரு திருகு, வெளிச்சத்துக்கு ஒரு வளையம், ஃபோகஸுக்கு ஒரு வளையம், எல்லாம் கைக்கு எட்டும்படி வெளியிலேயே இருக்க வேண்டும் என்றார். மெனுவுக்குள்ளே போய்த் தேடுகிற வேலை தனக்கு ஆகாது என்றார்.

"அது செஞ்சாலும் சரியா வரணும், நான் செஞ்சாலும் சரியா வரணும். நான் கைய வச்சேன்னா அது குறுக்க வரக்கூடாது" என்றார்.

சித்தீக் தலையாட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பஞ்சநதம் ஃபோகஸ் வளையத்தைத் திருகிப் பார்த்தார். வளையம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று கேட்டார். புது லென்ஸெல்லாம் அப்படித்தான், நாம் திருகினால் உள்ளே இருக்கிற மோட்டாருக்குச் சேதி போகும், மோட்டார்தான் கண்ணாடியை நகர்த்தும் என்று சித்தீக் விளக்கினார். பஞ்சநதம் கேமராவை மெதுவாக மேஜையில் வைத்தார்.

"அப்ப நான் திருகலீங்க. மனு குடுக்கறேன்."

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது வானதிக்கு ஒரு விஷயம் புரிந்தது. கேமரா முடிவாகாத வரைக்கும் படம் கிடையாது. படம் இல்லாத வரைக்கும் எந்த வரனுக்கும் ஜாதகம் போகாது, அப்பாவின் வைராக்கியம் அப்படி. தையில் அறுவடை மெஷின் வயலில் இறங்கிவிட்டால் கதிர் இருக்காது. பிறகு அடுத்த சம்பா வரை அப்பா காத்திருப்பார். அதற்குள் தேர்வு முடிவு வந்துவிடும். ஆக, தை வரைக்கும் அப்பா கேமரா வாங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். வேறு வீடாக இருந்தால் இது பெரிய வேலை. இந்த வீட்டில் கரும்பு தின்னக் கூலி வாங்குகிற மாதிரி.

அவள் ராப்பகலாக உட்கார்ந்து கேமரா படித்தாள். தேர்வுக்கு மண்ணியல் ஒரு மணி, அப்பாவுக்கு லென்ஸ் ஒரு மணி என்று நேரம் பிரித்துக்கொண்டாள். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் ஒரு கேமராவைப் புகழ்ந்தால், இன்னொரு வெள்ளைக்காரர் அதைத் திட்டுகிற வீடியோவைத் தேடி எடுத்துத் தமிழில் சொன்னாள். சித்திரையில் ஒரு கேமரா கைக்குக் கனம் என்று போயிற்று. வைகாசியில் ஒன்றுக்கு வளையம் நன்றாக இருந்தது, ஆட்டோஃபோகஸ் மந்தம். இன்னொன்றுக்கு ஆட்டோஃபோகஸ் பறந்தது, மேலே ஒரு திருகுகூட இல்லை, மொட்டையாக இருந்தது. ஆனியில், நம் பக்கத்து ஈரக்காற்றில் லென்ஸுக்குள்ளே பூஞ்சை வரும் என்று படித்துச் சொன்னாள். பஞ்சநதம் அதைச் சிவப்பு மையில் எழுதினார். இதெல்லாம் உண்மை. ஆனியோடு உண்மை தீர்ந்துபோயிற்று.

ஆடியில் பெரிய கண்டம் வந்தது. சித்தீக் ஆடித் தள்ளுபடி அறிவித்தார். பஞ்சநதம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வானதியைக் காப்பாற்றியது பிரகதாம்பாள். ஆடியில் புது மெஷின் எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது என்று வாசலில் நின்றுவிட்டாள். ஆவணி பிறந்ததும் பஞ்சநதம் போனார், தள்ளுபடி முடிந்துவிட்டது என்றார்கள். ஆடியில் கிடைத்த விலை தெரிந்த பிறகு ஆவணி விலை கொடுக்க அவர் என்ன பைத்தியமா? ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று திரும்பி வந்தார். ஆடியில் வாங்கக் கூடாது, ஆவணியில் தள்ளுபடி கிடையாது என்கிற இந்த ஏற்பாட்டை யார் செய்தார்களோ, அவர்களை வானதி மனதாரக் கும்பிட்டாள்.

ஆனால் சித்தீக்கும் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஆவணிக் கடைசியில் சென்னையிலிருந்து ஒரு கேமராவை வரவழைத்தார். ஷட்டருக்குத் திருகு, வெளிச்சத்துக்கு வளையம், எல்லாம் மேலேயே. ஃபோகஸ் வளையத்தை முன்னால் இழுத்தால் மேனுவல், பின்னால் தள்ளினால் ஆட்டோ. மேனுவலில் அது இரண்டு பக்கமும் போய் முட்டி நின்றது, தூரம்கூட மேலே எழுதியிருந்தது. விலையும் பழைய ஆடி விலைக்கே தருகிறேன் என்றார். பஞ்சநதம் அதைக் கையில் வைத்துக்கொண்டு, பிறந்த குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். நாற்பத்திரண்டு கேள்விக்கும் பதில் சரியாக இருந்தது.

வானதி போனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, "மார்கழிப் பனியில இதுக்கு ஃபோகஸ் தடுமாறுமாம்ப்பா, ஒருத்தர் எழுதியிருக்காரு" என்றாள்.

அது அவள் வாழ்க்கையில் சொன்ன மிகச் சுத்தமான பொய். எழுதியவரும் இல்லை, தடுமாற்றமும் இல்லை. ஆனால் படம் எடுக்கப் போவதே தை மாதத்து விடியற்காலையில், கதிரெல்லாம் பனி சொட்ட. பஞ்சநதம் கேமராவை மனமே இல்லாமல் திருப்பிக் கொடுத்தார். டைரியில் 'பனி ஆகாது' என்று எழுதிக்கொண்டு மூத்திரம் போக வெளியே போனார். சித்தீக் வானதியைப் பார்த்தார்.

"தங்கச்சி, இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஊட்டிக்கு வித்திருக்கேன், கொடைக்கானலுக்கு வித்திருக்கேன். பனியில தடுமாறுதுன்னு ஒருத்தரும் வந்து சொன்னதில்ல. உங்க அப்பாவுக்குக் கேமரா வேணுமா, பொழுது போகணுமா?"

அவருக்கு ஒரு வியாபாரம் கெட்டுப்போனது வானதிக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் தன் கழுத்து அதைவிடப் பெரிது என்று நினைத்துக்கொண்டாள்.

தேர்வை நன்றாக எழுதினாள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு நாலு நாள் வயல் முழுகிக் கிடந்தது. கேமராப் பேச்சே எழவில்லை. ஊரே தண்ணீர் வடியவில்லை என்று தவிக்கும்போது தனக்கு ஒரு மாதம் கிடைத்ததென்று சந்தோஷப்பட்டதற்காக வானதி வெட்கப்பட்டாள். தண்ணீர் வடிந்தது, பயிர் தேறியது. மார்கழியில் யாரும் கல்யாணம் பேச மாட்டார்கள். இன்னும் மூன்று வாரம் ஓட்டினால் தீர்ந்தது என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். யாருக்கு என்று சொல்வதில்லை. தை ஐந்தாம் தேதி, அறுவடை மெஷின் ஏழாம் தேதியே வருகிறது என்று தகவல் வந்தது. வானதி அன்று கும்பகோணத்தில் சிநேகிதி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். பஞ்சநதம் தனியாகத் தஞ்சாவூர் போனார். சந்தேகம் கிளப்ப ஆள் கூட இல்லாததால் இருபது நிமிடத்தில் வாங்கிவிட்டார். ஆவணியில் பார்த்தது விற்றுப் போயிருந்தது, அதைவிட விலை கூடின ஒன்றைத்தான் வாங்க முடிந்தது. சித்தீக் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் பஸ் ஏறும் வரை கூடவே வந்து நின்றாராம். மனசு மாறிவிடப் போகிறதே என்கிற பயம்தான்.

வீட்டுக்கு வந்த வானதி கேமராவைப் பார்த்தாள். ஆறாம் தேதி சாயங்காலம், பழகிப் பார்க்கிறேன் என்று அதைக் கையில் எடுத்தாள். பத்து மாதப் படிப்பு வீண் போகவில்லை. எந்த மெனுவில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். முகத்தைத் தேடிப் பிடிக்கிற வசதியை அணைத்தாள். கிட்டே எது இருக்கிறதோ அதைப் பிடி என்று வைத்தாள். கேமராவைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். செய்தது சரி என்று அவளுக்குத் தோன்றவில்லை, செய்யாமல் இருக்கவும் முடியவில்லை.

ஏழாம் தேதி விடிந்தும் விடியாமலும் மாம்பழ நிறப் புடவையில் வரப்பில் போய் நின்றாள். பஞ்சநதம் பக்கத்து வரப்பில் மண்டி போட்டுக்கொண்டு, கதிர்களுக்கு நடுவில் கேமராவை நீட்டினார். கிட்டே எது இருந்ததோ அதைக் கேமரா பிடித்தது. கிட்டே இருந்தது நெல். பிறகு மேனுவலுக்கு மாறினார். பழக்க தோஷத்தில் இடது கண்ணை மூடிக்கொண்டு, புரை விழுந்த வலது கண்ணால் பார்த்துக்கொண்டு, பத்து மாதமாகக் கனவு கண்ட வளையத்தைத் திருகினார். இருநூற்றுப் பதினெட்டுப் படம் எடுத்தார். கேமராவின் பின்னால் இருக்கிற சின்னத் திரையில் எல்லாமே நன்றாகத்தான் இருந்தது. சின்னத் திரையில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். பத்து மணிக்கு மெஷின் இறங்கியது. மத்தியானத்துக்குள் வயல் மொட்டையாகிவிட்டது.

சாப்பிட்டுவிட்டு டிவியில் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு கதிரும் எண்ணி எடுக்கலாம் போல இருந்தது. ஒரு நெல்மணியில் பனித்துளி தொங்கியது, அதில் வானம் தெரிந்தது. அதற்குப் பின்னால் மாம்பழ நிறத்தில் ஒரு மூட்டம் நின்றுகொண்டிருந்தது. மேனுவலில் எடுத்ததில் நெல்லும் மூட்டமாகி, குடும்பத்தோடு சேர்ந்துகொண்டது. பஞ்சநதம் இருநூற்றுப் பதினெட்டையும் பார்த்தார், மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். அடுத்த சம்பாவுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தார். வானதி முற்றத்துக்குப் போய் மூச்சு விட்டாள்.

ஆனால் பிரகதாம்பாளுக்குப் பொறுமை போய்விட்டது. இருக்கிறதில் நல்லதாக ஒன்றைத் தன் போனில் பிடித்து, தரகர் ரெங்கசாமிக்கு அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டாள். ரெங்கசாமி அதைக் குத்தாலத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்குத் தள்ளிவிட்டார். விஷயம் தெரிந்ததும் வானதி அதிகம் கலங்கவில்லை. முகம் தெரியாத பெண்ணை யார் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்தாள். படித்த பெண்தான், ஆனாலும் அப்படி நினைத்தாள்.

பன்னிரண்டாம் தேதி காலையில் குத்தாலத்திலிருந்து போன் வந்தது. பையனின் அப்பா கோவிந்தராசு பேசினார். பஞ்சநதம் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், அதனால் வீட்டில் எல்லோருக்கும் கேட்டது. பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது என்றார் கோவிந்தராசு. பையன் கத்தாரில் இருக்கிறான், படத்தைப் பார்த்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கி ஒரு பொம்மை அனுப்பிவிட்டான், அவனுக்கும் சம்மதம் என்றார்.

பஞ்சநதம் கூச்சத்தோடு, படம் எப்படி இருந்தது என்று கேட்டார்.

"பிரமாதங்க. கதிரு ஒவ்வொண்ணும் அப்படியே நிக்குது. பொன்மணி நெல்லுதானே அது?"

பொன்மணிதான் என்றார் பஞ்சநதம். வாய்க்கால் தண்ணீருக்குத் தலைமடையா, கடைமடையா என்று கேட்டார் கோவிந்தராசு. தலைமடை என்றார். மொத்தமும் ஒரே இடத்திலா, பட்டா யார் பேரில், பெண்ணுக்குக் கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று ஒவ்வொன்றாக வந்தது. கேட்கிற முறையைப் பார்த்தால் அவரும் டைரியில் எழுதி வைத்திருப்பார் போலிருந்தது. பஞ்சநதம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, பெண்ணின் முகம் மட்டும் கொஞ்சம் கலங்கலாக இருந்திருக்குமே என்றார்.

"அதுல என்னங்க இருக்கு. வரும்போது பாத்துக்கிட்டாப் போச்சு. இருபத்தி நாலாம் தேதி புதன்கிழமை நல்லா இருக்கு, பூ வச்சிடுவோம்" என்றார் கோவிந்தராசு.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் பஞ்சநதம் போனை வைத்தார். பிரகதாம்பாள் சாமி படத்துக்கு முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். பஞ்சநதம் மட்டும் முகம் கறுத்து உட்கார்ந்திருந்தார்.

"பத்து மாசம். ஃபோகஸ் போயிருக்கறத அந்த வீட்டுல ஒருத்தன்கூடக் கவனிக்கலையே" என்றார்.

வானதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதுவரை அவளுக்கு அப்பா மேல் கோபம் வந்ததில்லை, சிரிப்புத்தான் வந்திருந்தது. தன்னைக் கேட்காமல் தன்னை ஒரு வீட்டில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அப்பாவுக்கோ ஃபோகஸ் போனதுதான் துக்கம். அவள் எதிரில் போய் நின்றாள்.

"ஃபோகஸ் போகலப்பா. முகத்தைப் பிடிக்கறத நான்தான் அணைச்சு வச்சேன்."

பஞ்சநதம் நிமிர்ந்து பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. வேறு ஒன்றைக் கேட்டார்.

"அப்ப, அந்தப் பனி?"

"பனியில ஒண்ணும் ஆகாது. நானா சொன்னது."

"ஆவணியில பாத்த கேமரா?"

"அதுல ஒரு குறையும் இல்ல."

பஞ்சநதம் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கேமராவை ஒருமுறை மனதுக்குள் கையில் எடுத்துப் பார்த்திருப்பார். பிறகுதான் அவருக்குக் கேட்க வேண்டியது தோன்றியது. ஏன் இப்படிச் செய்தாய் என்றார். வேலை வருவதற்கு முன்னால் கல்யாணம் வேண்டாம் என்றுதான் என்றாள் வானதி. அதை நேராகச் சொல்லியிருக்கலாமே என்றார் பஞ்சநதம், நிஜமாகவே மனசு நொந்துபோய்.

"சொன்னேன்ப்பா" என்றாள் வானதி. "பங்குனியில சொன்னேன், பாப்போம்னீங்க. பரீட்சை அன்னிக்கு வண்டியில கூட்டிட்டுப் போனீங்கள்ல, அப்ப சொன்னேன். லென்ஸ் மூடிக்குத் தனியா வெல கேப்பானான்னு கேட்டீங்க. தீவாளிக்கு மறுநாள், அழுதுகிட்டே சொன்னேன். டைரிய எங்க வச்சேன்னு பாருன்னீங்க. கேமராவப் பத்திப் பேசினா மட்டுந்தான் என்னைய நிமிந்து பாத்தீங்க. அதனால அதையே பேசினேன்."

லென்ஸ் மூடியைப் பற்றிக் கேட்டது பஞ்சநதத்துக்கு நன்றாக நினைவிருந்தது. எந்த இடத்தில் கேட்டார், எந்தப் பாலம் தாண்டும்போது என்றுகூடச் சொல்லிவிடுவார். அதற்கு முன்னால் பெண் என்ன சொன்னாள் என்று எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது.

போன் மறுபடியும் அடித்தது. கோவிந்தராசுதான். ஒன்று கேட்க விட்டுப்போயிற்று, படத்தில் ஓரமாக மோட்டார் கொட்டகை ஒன்று தெரிந்ததே, போர் போட்டிருக்கிறீர்களா, எத்தனை அடியில் தண்ணீர் என்றார்.

"போர் இருக்குங்க. நூத்தி இருவது அடி" என்றார் பஞ்சநதம். "ஆனா ஒண்ணு. வயலக் கட்டிக் குடுக்கற வழக்கம் எங்க பக்கம் இல்லீங்க. பொண்ணைத்தான் குடுப்போம், அதுவும் அவ சரின்னு சொன்னா. அவ வேலைக்குப் பரீட்ச எழுதியிருக்கா. முடிவு வந்து, அவ வேலையில சேந்து, அப்புறமும் உங்க பையனுக்கு இஷ்டமிருந்தா, அவனையே அவகிட்டப் பேசச் சொல்லுங்க."

கோவிந்தராசு, அப்படியானால் இருபத்தி நாலாம் தேதி என்று இழுத்தார். அன்று தங்களுக்கு உளுந்து விதைக்கிற வேலை இருக்கிறது என்று சொல்லிப் பஞ்சநதம் போனை வைத்தார். பிரகதாம்பாள் தலையில் கை வைத்துக்கொண்டு, வந்த லட்சுமியை வாசலோடு அனுப்பிவிட்டீர்களே என்று ஆரம்பித்தாள். அது அன்று முழுக்க நடக்கும் என்று அப்பாவுக்கும் பெண்ணுக்கும் தெரியும்.

பஞ்சநதம் வானதியின் பக்கம் திரும்பினார். உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்தாள்.

"பரீட்ச முடிவு எப்ப வருது?" என்று கேட்டார்.

"மாசிக் கடைசியில" என்று வானதி நான்காவது தடவையாகச் சொன்னாள்.